நொச்சிக்குப்பத்துச் சுவரில் என் முகம் இல்லை

ஆரணியில் அரிசி ஆலை, கல்யாண மண்டபம், எங்கள் கட்சிக்கு ஒரு கிளை. நாலாம் வகுப்போடு நின்ற நான் தனியாளாய் எழுப்பியவை. தேர்தலுக்குச் சென்னை வந்து நொச்சிக்குப்பத்தில் வீடு வீடாக ஓட்டும் கேட்டேன். தில்லி ஆட்சி கைநழுவினாலும் இங்கே ஜெயித்தோம். இனிப் பாராளுமன்றத்தில் ஆளுங்கட்சிக்காரர்கள் இஷ்டத்துக்கு மேசை தட்ட முடியாது.

இன்று மறுபடி வந்து நிற்கிறேன். நன்றிப் போஸ்டரில் வட்டச் செயலாளரின் மச்சான் முகம்கூட இருக்கிறது, என் முகம் இல்லை.

சாலையோரம் வஞ்சிரம் வெட்டும் அம்மாள் சிரிக்கிறாள். “இன்னா நைனா, உன் மூஞ்சிய தேடிக்கினு கீறியா?”

“என்னை ஞாபகம் இருக்கா?”

“மறக்க முடியுமா? ஓட்டு கேக்க வந்துட்டு உன் மில்லு கதையதான் சொன்ன. சின்னம் இன்னான்னு கடசி வரைக்கும் சொல்லவே இல்ல!”

சின்னம் ஊருக்கே தெரியும். என்னைத்தான் தெரியாமல் இருந்தது. இந்தத் தெரு ஓட்டு என் பேச்சுக்கு விழுந்தது. அடுத்த போஸ்டரில் முதல் வரிசையில் என் முகத்தைப் போட்டாக வேண்டும்.