நெல்லிக்காய் ஜூஸும் ஏர் கன்னும்

சில வருடங்களுக்கு முன்பு ஒரகடத்தில், வண்டிகளுக்கு பிரேக் பேடு செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்த்தேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். சின்ன வயதோடு போய்விட்டது என்று நினைத்திருந்த ஆஸ்துமா இங்கே வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது.

தண்டலம் பக்கம் ஒரு நுரையீரல் டாக்டரிடம் காட்டினேன். ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்தார். நான் சரியாக இழுக்கிறேனா என்று பார்த்தார், அளவைக் கூட்டினார். இளைப்பு குறைந்தபாடில்லை. சிலருக்கு ஸ்டீராய்டே கேட்காது என்று அவர் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. கம்பெனியில் மருத்துவப் பரிசோதனை வரப்போகிறது. அதில் தேறாவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் மாப்பிள்ளை ரெடியாக இருப்பார்!

நான் எதையும் சும்மா விடுகிற ஆள் இல்லை. ஏன் கேட்காது என்று டாக்டரைத் துளைத்தேன். புகை, தூசி, அழற்சி எல்லாம் சேர்ந்து நுரையீரலில் ஒருவித ரசாயனச் சேதத்தை உண்டாக்குமாம். அதனாலும் சிலருக்கு அந்த மருந்தின் பேச்சை உடம்பு கேட்காமல் போகலாமாம். அந்தச் சேதத்தைத் தடுக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் மருந்து மறுபடி வேலை செய்யுமா என்று ஆராய்கிறார்களாம். "ஆராய்ச்சிதாம்மா, இன்னும் வைத்தியமா வரல. இன்ஹேலர மட்டும் விட்டுடாத" என்றார்.

என் காதில் ஏறியது ஆன்டிஆக்ஸிடன்ட் மட்டும்தான். செல்போனில் தேடினால் எல்லா வீடியோவும் நெல்லிக்காயில் வந்து நின்றது. எங்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒரு அக்கா தள்ளுவண்டியில் நெல்லிக்காய் ஜூஸ் விற்பார். ஷிஃப்ட் முடிந்த கையோடு போகாவிட்டால் தீர்ந்துவிடும். தினமும் ஓடினேன். "இன்னா கண்ணு, ரயிலா புடிக்கப் போற? இப்டி ஓடியார்ற!" என்று சிரிப்பார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், சில வாரங்களில் ஹாஸ்டல் மாடிப்படியை நிற்காமல் ஏறினேன். இன்ஹேலரையும் விடவில்லை. ஆனாலும் பேர் முழுவதும் நெல்லிக்காய்க்குத்தான். பார்ப்பவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்தேன். "இந்தப் புள்ள வாயத் தொறந்தாலே நெல்லிக்காதான்டீ" என்று ரூமில் கிண்டல்.

டாக்டரிடமும் போய் அளந்தேன். அவர் சந்தோஷப்பட்டார். பிறகு, ஜூஸைத் தவிர வேறு என்ன மாறியது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "வேலை முடிஞ்சதும் முன்னல்லாம் என்ன பண்ணுவ, இப்ப என்ன பண்ற? சொல்லு" என்றார்.

சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோரும் வரிசையில் நின்று, காற்றைப் பீய்ச்சி மெஷினைச் சுத்தம் செய்யும் ஏர் கன்னால் யூனிஃபார்மில் படிந்த தூசியை ஊதித் தள்ளுவோம். கூடாது என்று போர்டே உண்டு. ஆனால் அப்படியே கருப்பாக பஸ் ஏற யாருக்கு மனசு வரும்? தூசி மேகம் மாதிரி எழும்பும், அதன் நடுவில் நின்றுதான் கதையடிப்போம். ஜூஸ் தீர்ந்துவிடுமே என்று நான் அந்த வரிசையில் நிற்பதையே விட்டிருந்தேன்.

"அப்ப ஜூஸ் வேலை செய்யலியா சார்?"

"தெரியலம்மா" என்றார். ரெண்டையும் ஒன்றாக மாற்றினால் தெரியாது; ஏர் கன் பக்கம் போகாமல் ஜூஸை மட்டும் நிறுத்திப் பார், இன்ஹேலர் தொடரட்டும், லேசாக இளைத்தாலும் உடனே வா என்றார்.

பரிசோதனை நெருங்குகிற நேரத்தில் ஜூஸை நிறுத்த எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஜூஸ் அக்கா வேறு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மூச்சு அப்படியே சீராக இருந்தது. பரிசோதனையில் தேறினேன். என்னைப் பார்த்து ரூம் பிள்ளைகளும் ஏர் கன்னை விட்டுவிட்டு, மாற்றுத்துணி எடுத்துப்போக ஆரம்பித்தார்கள்.

என் ஒருத்தி கதையை வைத்து ஆன்டிஆக்ஸிடன்ட்டைத் தள்ளிவிடவும் முடியாது. ஸ்டீராய்டு நிஜமாகவே கேட்காதவர்களுக்கு நாளைக்கு அதுவே மருந்தாக வரலாம். அந்தச் செய்தி எங்கே வந்தாலும் இன்றும் விடாமல் படிக்கிறேன். ஆனால் வீடியோக்காரர்களும் நானும் எல்லாம் தெரிந்த மாதிரி பேசிக்கொண்டிருந்தபோது, தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படாத அந்த ஒரு மனிதர் கேட்ட கேள்வியால்தான் நான் இன்று நன்றாக மூச்சு விடுகிறேன்.