கழுவாத முழங்கால்

"மாமா, இத எப்பவும் தண்ணியிலயா போட்டு வைக்கிற?"

சாய்ந்தமருது இறைச்சிக் கடையின் வாளிக்குள் மாட்டு முழங்கால் ஒன்று மூட்டுத் திறந்து ஊறிக் கிடப்பதைப் பார்த்துத்தான், பல்கலைக்கழக ஆய்வுக்காக அங்கே முழங்கால் வாங்கிப்போகும் நஸ்லா அன்று வாய் திறந்தாள்.

"ஓம் மகள். மூட்டத் திறந்து, ரத்தம் போகக் கழுவி ஊறப்போட்டுத்தான் உங்களுக்குத் தாற," என்றார் கடைக்கார ஆதம்பாவா. "கறிக்கு வாங்குற ஆக்களுக்கு நான் இவ்வளவு பாக்கிறல்ல."

"அதாலதான் செத்துப் போகுது, மாமா."

"எது? மாட்ட விடிய சுபஹுத் தொழுகையோட அறுத்தாச்சே."

இறைச்சிக்கு நின்ற சுல்பிகா சிரித்தாள். "படிச்ச புள்ளைக்கு அது இப்பதான் தெரிஞ்சிரிக்கி."

நஸ்லா தரையைப் பார்த்தபடி விளக்கினாள். எலும்பு முனையை மூடியிருக்கும் அந்த வெள்ளைக் கசியிழையத்துக்குள் இருக்கும் உயிர்க்கலங்கள், மாடு இறந்த பிறகும் சில நாள் உயிரோடிருக்கும். அவை உப்புச் செறிந்த நீர்மத்தில் வாழ்பவை. உப்புச் சற்றுக் குறைந்தால் வீங்கும்; வீங்கியதை உணர்ந்து, உள்ளிருக்கும் உப்பை வெளியேற்றி, பழைய அளவுக்குத் திரும்பும். அதைப் பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. வெறும் கிணற்றுத் தண்ணீரை அவற்றால் தாங்க முடியாது. நுணுக்குக்காட்டியில் இதுவரை அவள் கண்டதெல்லாம் செத்த கலங்கள். அடுத்த முறையும் இப்படியென்றால் தலைப்பை மாற்றும்படி மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

ஆதம்பாவா வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். ஈ மொய்க்காத கடை என்று ஊரில் பேரெடுத்தவர். தினமும் இறைச்சி வெட்டும் கட்டையை உப்புப் போட்டுத் தேய்ப்பவர். சுத்தம் பிழையாகிப்போன முதல் இடம் அவருக்கு இதுதான்.

அடுத்த கிழமை தோலும் இரத்தமுமாக, மூட்டைத் திறக்காமலே ஒரு முழங்காலைத் தாளில் சுற்றி நீட்டினார். "ஆரும் கேட்டா ஆதம்பாவாட கடையெண்டு சொல்லிராதீங்க."

அன்று பின்னேரம் நுணுக்குக்காட்டிக்குள், உயிருள்ளவற்றில் மட்டும் ஒளிரும் சாயம் ஏறி, கலங்கள் பச்சையாக ஒளிர்ந்தன. அவள் உப்பைச் சற்றுக் குறைத்தாள். வீங்கின. அவள் கண்ணை எடுக்கவில்லை. மெல்ல மெல்லச் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தன.

மறுநாள் அதைச் சொன்னபோது ஆதம்பாவா கத்தியைக் கீழே வைத்தார்.

"வாப்பாட காலத்திலருந்து அறுக்கிறன் மகள். என்ட கையால போனதுல உயிர் மிஞ்சினத நான் கண்டதில்ல. ஒருநாளைக்கு எனக்கும் காட்டுவீங்களா?"

அவள் தலையசைத்தாள். அவர் இரத்தம் தெறித்த தன் சாரனைக் குனிந்து பார்த்தார்.

"நான் குளிச்சிட்டு வரலாம்தானே?"