ஆரோடை வாறியள்?

1. வெள்ளிக்கிழமைக் கிளினிக்

நான் புத்தூர்ப் பக்கம் மேற்பார்வைக் குடும்பநல உத்தியோகத்தராக, ஊருக்கு 'மிஸ்ஸி'யாக, இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குச் சுகநலக் கிளினிக். முப்பத்தைந்து வயது கடந்த பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வருமுன்னே கண்டுபிடிக்கும் பரிசோதனை அது. இலவசம், வலியும் இல்லை. ஆனால் ஆட்கள் வருவதில்லை. ஒருநாள் காலை முழுவதும் நாங்கள் காத்திருக்க, ஒரேயொரு அம்மா வந்தார். அவரும் பல் டொக்டரைத் தேடி வந்தவர்.

எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி இளம்பெண். அன்று அவருடைய முகம் வாடிப்போயிருந்தது.

"மிஸ்ஸி, இப்பிடியே போனால் இந்தக் கிளினிக்கை மூடிப்போட்டு ரவுண் கிளினிக்கோடை சேர்க்கப் போகினமாம். இஞ்சை வராத சனம் பஸ் ஏறி அங்கை போகுமே?"

போகாது என்று இருவருக்கும் தெரியும்.

"இன்னும் கொஞ்சம் நோட்டீஸ் அடிப்பமோ, டொக்டர்?"

"வேண்டாம். இவ்வளவு நாளும் நோட்டீசாலை சனத்தைப் பயப்படுத்தினது காணும்."

அவர் கொழும்பில் நடத்தை அறிவியல் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்திருந்தார். மனிதருக்கு ஒரு விசயம் தெரிந்திருப்பது வேறு, அதைச் செய்வது வேறு; இரண்டுக்கும் நடுவே கிடக்கிற சின்ன முள்ளைத்தான் அரசாங்கம் தேடி எடுக்கவேண்டும் என்று விளங்கப்படுத்தினார். எனக்குப் பாதிதான் நம்பிக்கை. ஆனாலும் முள்ளைத் தேடிப் புறப்பட்டேன்.

2. புனிதம் சொன்னது

மாதர் சங்கத் தலைவி புனிதம் ஒன்றுக்கும் அஞ்சாதவர். தோட்டத்து மோட்டர் பழுதானால் தானே கழற்றிப் பூட்டுவார். நான் போனபோது வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார்.

"புனிதமக்கா, அந்தப் பரிசோதனையைப்பற்றித் தெரியும்தானே?"

"தெரியாமலே! ஊருக்கெல்லாம் நான்தானே விளங்கப்படுத்தினனான்."

"பிறகேன் நீங்களே வரேல்லை?"

அவர் சிரித்துவிட்டார். "வெள்ளிக்கிழமை விரதம், கோயில். அது ஒண்டு. மற்றது, உங்கடை வாசல் பஸ் தரிப்பிடத்துக்கு நேரை கிடக்கு. நான் உள்ளுக்கை போனால், பின்னேரத்துக்கிடையிலை 'புனிதத்துக்கு என்னவாம்?' எண்டு ஊர் கதைக்கும். தனிய வர வெக்கமாயும் கிடக்கு, மிஸ்ஸி."

மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். டொக்டர் கேட்டுத் துள்ளிக் குதிக்காத குறை. கிளினிக்கைப் புதன்கிழமைக்கு மாற்றினார். பஸ் தரிப்பிடத்துக்குத் தெரியாத பின் ஒழுங்கைப் பக்கம் பூட்டிக் கிடந்த கேற்றைத் திறக்கச் சொன்னார்.

"அதைத் திறக்கிறதுக்கு மேலிடத்துச் சுற்றுநிருபம் ஒண்டும் இல்லையே, டொக்டர்" என்று இழுத்தார் நிர்வாக உத்தியோகத்தர்.

"பூட்டி வைக்கச் சொல்லியும் ஒண்டும் இல்லைத்தானே?"

கேற் திறந்தது. டொக்டர் எங்களுக்கும் ஒரு பாடம் எடுத்தார். "இனி 'வாறியளோ?' எண்டு கேளாதேங்கோ. 'புதன்கிழமை உங்களுக்கு இடம் வைச்சிருக்கிறம், ஆரோடை வாறியள்?' எண்டு கேளுங்கோ. விருப்பமில்லை எண்டால் விட்டிடுங்கோ, வற்புறுத்தக் கூடாது."

3. முதல் புதன்

புனிதம் தன் மச்சாள் வசந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே சோடி சோடியாக அக்கா தங்கைகள், பக்கத்து வீட்டார், சம்பந்திகள்கூட. யாரோ வடை சுட்டு வந்திருந்தார்கள். மண்டபம் கலியாணவீடாகிவிட்டது. டொக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கோ" என்றார்.

"வராட்டிலும் பேச்சு, வந்தாலும் பேச்சோ டொக்டர்?" என்றார் புனிதம். டொக்டருக்கே சிரிப்பு அடங்கவில்லை.

சில வாரங்களில் முடிவுகள் வந்தன. வசந்தியின் முடிவில் கருப்பைக் கழுத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. நானே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் குந்தினார்.

"மிஸ்ஸி, இது அதுதானோ?"

"இல்லையம்மா. அதுக்கு முந்தின நிலை. இப்பவே அந்த இடத்தை எடுத்திட்டால் சரி."

"நான் வந்திருக்கவே மாட்டன். மச்சாள்தான் இழுத்துக்கொண்டு வந்தவ" என்று விம்மினார்.

பெரியாஸ்பத்திரிக்கும் புனிதமே கூடப் போனார். சின்னச் சிகிச்சை, அன்றே வீடு திரும்பினார்கள். பிறகு செய்த மறு பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. அந்தச் செய்தியோடு வசந்தி கிளினிக்குக்கு ஓடி வந்தபோது, நான் ஒரு கர்ப்பிணித் தாயின் வயிற்றை அளந்துகொண்டிருந்தேன். அளவுநாடாவோடு சேர்த்து என்னைக் கட்டிப்பிடித்தார். என்னவென்று தெரியாமலே அந்தக் கர்ப்பிணியும் கைதட்டினாள்.

புதன்கிழமைகளில் ஆட்கள் குறையாமல் வரவே, கிளினிக்கை மூடும் பேச்சு நின்றது. எங்கள் முறையைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். ஏதோ பெரிய திட்டம் என்று எதிர்பார்த்திருப்பார் போல. எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானோ?" என்றார்.

"ஓம் சேர், இவ்வளவுதான்" என்றார் டொக்டர்.

அடுத்த மாதமே கரவெட்டியிலும் இணுவிலிலும் கிளினிக் நாளை அந்தந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டே வைக்கத் தொடங்கினார்கள்.

இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சனத்துக்கு அறிவில்லை என்று அறிக்கை எழுதுவது சுலபம். எழுதுவதற்கு முதல், அவர்கள் வரவேண்டிய வழியால் நீங்கள் ஒருமுறை நடந்து பாருங்கள். பாதி வழியிலேயே உங்கள் காலில் ஏதாவது குத்தும். அதை எடுத்துப் போடுவதுதான் உங்கள் உத்தியோகம்.