எல்லம்மா கேட்ட இருமல்

சின்னசாமி ஊரைவிட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. யார் எதைப் பற்றிக் கேட்டாலும் எல்லம்மா அந்தக் கிழமையிலிருந்துதான் தொடங்குவாள். "செவ்வாக்கெழம போனான். பொரட்டாசி மாசம். ஷாப்புக்குப் போறேன்னு சோத்துக்கூடையை எடுத்துக்கினு போனான். கூடை மட்டும் ரயில் கேட்டாண்ட கெடந்திச்சி. சோத்தைத் துன்னுட்டுத்தான் போயிருக்கான்." இந்த இடத்தில் அவளே சிரித்துவிடுவாள். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று விழிப்பார்கள்.

ஷாப்பு என்று ஆம்பூரில் சொல்வது தோல் பதனிடும் கொட்டடியை. சின்னசாமி அங்கே சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டினான். எல்லம்மா அதே ஷாப்பில் ஆட்டு மயிர் அலசுகிறாள். ஊறிய தோலிலிருந்து வழித்துப் போடும் மயிரைக் கூடை கூடையாகத் தண்ணீரில் கசக்கி, ஆற்று மணலில் பரப்பிக் காயவைப்பது அவள் வேலை. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். உள்ளங்கை சுண்ணாம்பு தின்று வெளுத்தது. பேசும்போது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருப்பாள், ஈரம் இல்லாதபோதும்.

சின்னசாமிக்கு நல்ல குரல். ஊரில் இருபது நாள் முகாம் போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனியில் பின்பாட்டுக்கு ஆள் கேட்டார்கள். கம்பெனி கிளம்பிய நாளில் அவனும் கிளம்பிவிட்டான். அப்புறம் நான்கு வருஷம் ஒரு சேதியும் இல்லை. குழந்தை இல்லாததால், தேடிப் பார்க்கச் சொல்லி நெருக்கவும் யாரும் இல்லை.

ஐந்தாம் வருஷம் முனிரத்தினம் அவளைக் கேட்டான். அவன் அணைக்கட்டுப் பக்கமிருந்து ஷாப்புக்குத் தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டை ஏற்றிவரும் வண்டிக்காரன். மனைவி செத்துப்போனவன். எல்லம்மாவுக்கும் இஷ்டம்தான். அவர்கள் ஜனத்தில் முதல் தாலிக்கட்டைத் தீர்த்துவிட்டு வேறு கட்டிக்கொள்வது உண்டு. ஆனால் நாட்டாமை ஒரு மாதம் கெடு வைத்தார்.

"அவன் கூத்தாடிங்களோட போனவன். அவனுங்க சேதியெல்லாம் இப்போ பேப்பர்ல வருது, பிளேட்டுல பாடுது, பயாஸ்கோப்புல ஆடுது. அமாவாசைல இருந்து அமாவாசை வரைக்கும் தேடு. ஒண்ணும் தெரியலன்னா கெங்கையம்மன் எதிர்ல வந்து, பாக்கல, கேக்கலன்னு சத்தியம் பண்ணிக் கற்பூரத்தை அணை. தீர்த்துடுறேன்."

நான் அப்போதுதான் பினாங்கிலிருந்து திரும்பியிருந்தேன். ஆறு வருஷம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தோடு ஆயாவாகத் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றியவளுக்கு ஆம்பூரில் உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. எல்லம்மா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். "நீ சும்மாதான சுத்திக்கினு கீறே பாப்பா. எனக்குப் பேப்பர் படிச்சிக் காட்டு."

அன்று முதல் ஒரு மாதம் அவள் வேலை முடிந்ததும் நாங்கள் பஜாரில் ஷபீ அஹமதுவின் துணிக்கடைக்குப் போவோம். அங்கே தினசரியும், கிராமபோனும் அதற்குப் பாட்டு பிளேட்டுகளும் உண்டு. எல்லம்மா படிக்கக் கேட்பது ஒரு தனி ரகம். முதல் நாள், "கப்பல் வந்ததெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு? கூத்துச் சேதி படி" என்றாள். நாடக விளம்பரங்களில் நடிகர் பெயர்களை வரிசையாகப் படித்தால் விரல் மடக்கிக் கேட்பாள். எழுத்து சின்னதானால், "அங்கதான் இருப்பான், அதையும் படி" என்பாள். பத்து நாளில் கதை மாறிவிட்டது. மதுரைப் பக்கம் ஒரு கொலை வழக்கு நடந்துகொண்டிருந்தது. கடைக்குள் நுழையும்போதே, "இன்னா ஆனான் அந்தப் பாவி? சாட்சி பொரண்டுட்டாளா?" என்று கேட்பாள். தாது புஷ்டி லேகிய விளம்பரத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லி, ஷபீ அஹமதுவைப் பார்த்து, "பாய், உனக்குத்தான் போட்டிருக்கான்" என்றாள். அவர், "எல்லம்மா, கடைல கிராக்கி கம்மி, பேஜார் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிடுங்கிக்கொள்வார்.

நாடகம் இரண்டு பார்த்தாள், ஒன்று வாணியம்பாடியில், ஒன்று உள்ளூரில். வேலூரில் கொட்டகை போட்டுப் பேசும் படம் காட்டினார்கள். அதற்கும் ரயிலேறிப் போனோம். தரையில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். ராணி மயங்கி விழுந்தபோது கொட்டகையே உச்சுக் கொட்டியது. எல்லம்மா என் முழங்காலைத் தட்டினாள். "அவ கெடக்கட்டும். பின்னால ஈட்டி புடிச்சிக்கினு நிக்கிறானுங்களே, அவனுங்க மூஞ்சைப் பாரு." மூன்று ரீல் முழுக்கச் சேவகர்களையே பார்த்தாள். வெளியே வந்ததும் நான் கதையைச் சொல்லவேண்டியிருந்தது. கேட்டு முடித்து, "அந்த ராஜாவுக்குப் புத்தி கம்மி" என்றாள்.

மாதம் தேயத் தேய அவள் நடை இலேசானது. முனிரத்தினம் புது வண்டிக்கூண்டு கட்டக் கொடுத்தான். பந்தலுக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று எல்லம்மா என்னிடமே யோசனை கேட்டாள்.

அமாவாசைக்கு நான்கு நாள் இருந்தது. ஷபீ அஹமது சென்னையிலிருந்து வந்த ஒரு கோமாளிப் பாட்டு பிளேட்டைச் சுழலவிட்டார். குடிகாரன் ஒருவன் பாட, பின்னால் நாலைந்து பேர் ஏலேலோ போட்டார்கள். நடுவில் பாட்டு ஒரு நொடி நின்று மறுபடி எழுந்தது. எல்லம்மா கையைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"பாய், இன்னொரு தபா போடு."

போட்டார். மூன்றாம் தரம் நானும் கேட்டேன். அந்த இடைவெளியில் தூரத்தில் யாரோ இருமுவது போல இரண்டு சின்ன வெட்டு, பிறகு மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு நீளம். பிளேட்டின் கீறலாகவும் இருக்கலாம்.

"அவன்தான்" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றார் ஷபீ அஹமது. ஆனாலும் பாடியவர்கள் பேர் கேட்டுப் பிளேட்டுக் கம்பெனிக்கு அவளுக்காக ஒரு காகிதம் எழுதிப் போட்டார். அந்தக் கம்பெனியிலிருந்து பதில் வரவே இல்லை.

மறுநாள் முனிரத்தினம் வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்து பிளேட்டைக் கேட்டான். கேட்டதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது சுண்ணாம்பு இருமல். ஆம்பூர்ல குழில எறங்குனவன் எவன் இப்டி இருமல? மேல்விஷாரத்துக்குப் போ, பேரணாம்பட்டுக்குப் போ, ஊரே இப்டித்தான் இருமுது. இதைப் போய்ப் புருசன்னு சொல்றியே!"

"ஏழு வருசம் பக்கத்துல படுத்துக் கேட்டவ நான்."

"கேட்டா கேட்டுட்டுப் போ. பிளேட்டு சாட்சி சொல்ல வருமா? கம்முனு இரேன்."

நானும் அதைத்தான் நினைத்தேன். எல்லம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கற்பூரத்தை நீயா அணைக்கப் போறே? நான் இல்ல அணைக்கணும்."

அமாவாசையன்று கெங்கையம்மன் எதிரில் கற்பூரம் எரிந்தது. பாக்கல என்று சொன்னாள். கேக்கல என்று சொல்ல அவளால் முடியவில்லை. கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

முனிரத்தினம் தை மாதம் வரைக்கும் பொறுத்தான். பிறகு அணைக்கட்டிலேயே கமலம் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். பட்டை வண்டி இன்றும் ஷாப்புக்கு வருகிறது. அவன் மூட்டை இறக்கும்போது எல்லம்மா தன் பாட்டுக்கு மயிர் அலசுவாள். வெள்ளிக்கிழமைகளில் ஷாப்பு லீவு. அன்றைக்குப் பேப்பர் கேட்க வருவாள். கூத்துச் சேதி கேட்பதில்லை. கொலை வழக்கும் கப்பலும் மட்டும் கேட்பாள்.

போன மாசி மாதம், சின்னசாமியின் அண்ணன் துரைசாமிக்குத் தங்கவயலிலிருந்து ஒரு கார்டு வந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு எல்லம்மாவையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். சின்னசாமிதான் யாரையோ விட்டு எழுதியிருந்தான். நாடகக் கம்பெனி குப்பம் ஊரிலேயே கலைந்துவிட்டது. அன்றிலிருந்து சுரங்கத்தில்தான் வேலை. பாட்டெல்லாம் அப்போதே போயிற்று. இங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகள். ஊருக்கு வருவதாக இல்லை. அம்மாவின் சௌக்கியத்துக்கு எழுதவும்.

"அப்போ பிளேட்டுல இருமுனது?" என்று துரைசாமி மெல்லக் கேட்டான்.

எல்லம்மா கார்டின் பக்கம் குனிந்தாள். "என் பேரு எங்க வருது?" என்று என்னைக் கேட்டாள். மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை படித்தேன். அவள் பெயர் எங்கும் இல்லை.

"சரி, எழுந்திரு பாப்பா. நாட்டாமை சோத்துக்குக் குந்துறதுக்குள்ள போயிடணும்."

வழியில் கடையில் கட்டுத் தீர்க்க வைக்கும் வெற்றிலை பாக்கு வாங்கி, நாட்டாமை வீட்டில் ஒரு தாம்பாளத்தில் வைத்தாள். நாட்டாமை கார்டை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மீசையை நீவிக்கொண்டார்.

"தீர்த்துடலாம். அதுக்கு இன்னா? ஆனா முனிரத்தினந்தான் வேற கட்டிக்கினானே. இப்போ உனக்கு ஆளு யாரு கீறான்? எவனும் இல்லாம இன்னாத்துக்கும்மா தீர்க்கச் சொல்றே?"

எல்லம்மா வெற்றிலைத் தாம்பாளத்தை ஒரு விரலால் அவர் பக்கம் இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தாள்.