உச்சிச் சுவர்

முதலில் என் கண்ணில் பட்டது அந்த சர்ச் இல்லை. சர்ச்சுக்கு அடியில், கேக் வெட்டினாற்போல் செங்குத்தாக நின்ற மண்தான்.

போட்டோ ஒரு டச்சு மேடத்தின் போனில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால்... கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் ஒரு ஹோம்ஸ்டேயில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தேன். ரூம் கூட்டுவேன், டீ கொண்டுபோய் வைப்பேன், யாராவது பேசினால் தலையைக் குனிந்துகொள்வேன்.

அன்றைக்கு எதிர் மரம்கூடத் தெரியாத பனி. எங்கும் போக முடியாமல் மேடம் கிச்சனில் உட்கார்ந்து தன் ஊரைப் பற்றிச் சொன்னார். ஹோம்ஸ்டே நடத்தும் மேரி அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்.

ஹாலந்தில் ஃப்ரீஸ்லாந்து என்கிற கடலோரப் பகுதியில் ஒரு சின்ன கிராமம். அந்தக் காலத்தில் கடல் வீடு வரைக்கும் வந்து போகுமாம். அதனால் களிமண்ணும் சாணியும் கொட்டி, தாங்களே ஒரு மேடு உண்டாக்கி அதன்மேல் குடியிருந்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள், அது நல்ல உர மண் என்று பாதி மேட்டை வெட்டி விற்றுவிட்டார்களாம். மிச்சத்தின் ஓரத்தில் சர்ச் நிற்கிறது.

"சாணி மேல ஊரா... நாம வாசல்ல தெளிக்கிறதோட சரி" என்று அக்கா சிரித்தார்.

மேடம் என் பக்கம் திரும்பி, உன் ஊர் எப்படி என்று கேட்டார்.

அக்காவே முந்திக்கொண்டார். "அவ ஊரு மேல்மலை மேடம். அங்க ஒண்ணும் கெடையாது. ஒன்லி கார்லிக்."

அக்கா கெட்டவர் இல்லை. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மறுநாள் காலையில் மேடம் டாக்ஸியில் மலை இறங்கிவிடுவார். எங்கள் ஊர் ஒன்றுமில்லாத ஊர் என்றே நினைத்துக்கொண்டு போவார்...

"அப்படி இல்லக்கா."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "ஏ புள்ள, ஒனக்கு வாய் இருக்கா? சரி சொல்லு, நான் மேடத்துக்குச் சொல்றேன்."

சொன்னேன். எங்கள் ஊரில் சமதரை என்று ஒரு முழம்கூடக் கிடையாது. பூண்டு விளைகிற பூமி எல்லாம் எங்கள் ஆட்கள் கல் சுமந்து, சிமெண்ட் இல்லாமல் சுவர் அடுக்கி, மண் நிரப்பி உண்டாக்கின படிகள். சுவரை அடுக்கினவர் பேர்தான் படிக்கும் பேர். பேச்சி படி, ரெங்கன் படி... மழையில் பத்து சுவர் சரிந்தாலும் முதலில் உச்சிச் சுவரைத்தான் ஊரே சேர்ந்து அடுக்கும். அதை விட்டால் மேலே இருக்கிற மண் கீழே உள்ள எல்லாப் படியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட அன்றைக்குக் கல்லைக் கைமாற்றுவார்கள்.

"அந்த உச்சிப் படி எங்க அப்பாவோடது. அதையும் சொல்லுங்கக்கா."

அதை யாரும் விலைக்குக் கேட்கவில்லையா என்றார் மேடம்.

"ரிசார்ட்டுக்காரங்க கேட்டாங்க. அப்பா குடுக்கல. உச்சிய வித்துட்டா கீழ இருக்கவங்க எங்க போவாங்கன்னு கேட்டு அனுப்பிட்டாரு."

அக்கா இதை மேடத்துக்குச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

அப்போதெல்லாம் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் கொடைக்கானல் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். இப்போது என் ஊர்ப் பேரையே சொல்கிறேன். தெரியாது என்றால் வழியும் சொல்கிறேன்.

அன்றைக்கு மேடம் அந்தச் சுவரைப் பார்க்கணும் என்றார். "இந்தப் பனியில அவ்வளவு தூரம் போயி என்னத்தப் பாப்பீங்க" என்றார் அக்கா.

நான் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். "மூணு மணிக்கு பஸ் இருக்கு மேடம், வெரசா வாங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.