மஞ்சள் பேசினில் விழுந்த பூச்சிகள்

தெற்கு லண்டனில், மிட்சம் பகுதியில் நான் கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்திருக்கும் தோட்டத் துண்டில், ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பேசின் கிடக்கிறது. தண்ணீர் விட்டு ஒரு சொட்டுச் சவர்க்காரம் சேர்த்தால், மஞ்சளுக்கு மயங்கி அழுக்கணவன் வந்து விழும். உருளைக்கிழங்குச் செடியின் சாற்றைக் குடித்து இலையைச் சுருட்டிவிடும் குட்டிப் பூச்சி அது. பேசினை வைத்தவர் என் பழைய முதலாளி. அவருடைய மூலைக்கடையில் நான் பல வருடம் வேலைக்கு நின்றேன்.

மனைவி இறந்ததும் மகன் அவரைக் கிங்ஸ்பரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். முழங்கால் வலியோடு லண்டனைக் குறுக்கே கடந்து வர அவரால் முடியவில்லை. தோட்டத் துண்டையும் நட்டுவிட்டுப் போன கிழங்கையும் என் தலையில் கட்டினார். பின்னேரமானால் போன் வரும். “எத்தினை விழுந்திருக்கு? எண்ணிப்போட்டுச் சொல்லும்.” கடையில் பால் போத்தல் எண்ண வைத்தது போதாதென்று பூச்சியுமா என்று எரிச்சலாக இருக்கும். ஆனாலும் போவேன். எனக்கும் வீட்டில் பேச ஆளில்லை.

ஜூனில் எண்ணிக்கை ஏறியது. இலைகள் சுருளத் தொடங்கின. அது அவருடைய கடைசி நடுகை என்று இருவருக்கும் தெரியும். மருந்துப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு போனில், “இப்ப அடிக்காட்டி கிழங்கு கிடையாது, அண்ணை” என்றேன்.

“பொறும். இன்னும் கூடினா அடிப்பம். இப்பவே அடிச்சா அதைத் தின்னுற பொறிவண்டும் செத்துப்போம். இவ்வளவு பூச்சியைச் செடி தாங்கும்.”

அவர் சொன்னபடியே பொறிவண்டுகள் வந்தன, எண்ணிக்கை இறங்கியது. ஆகஸ்டில் கிண்டிய கிழங்கை ஒரு பை நிறையக் கிங்ஸ்பரிக்குக் கொண்டுபோனேன். அவித்துச் சாப்பிட்டுவிட்டு, “பாத்தீரோ?” என்று சிரித்தார்.

மறுநாள் பின்னேரமும் போன் அடித்தது. “எத்தினை?”

செடியே இல்லை, வெறும் மண். மறந்துவிட்டாரோ என்று முதலில் பயந்தேன். நேற்றுத் தன் கையால் உரித்துச் சாப்பிட்ட கிழங்கை மறப்பாரா? அவருக்குத் தேவை எண்ணிக்கை இல்லை என்று விளங்கியது.

“நாலு, அண்ணை.”

“அப்ப மருந்து வேண்டாம். நாளைக்கும் பாரும்.”

மார்கழிக் குளிரில் பேசின் தண்ணீர் உறைந்து கிடந்தபோதும் “ரெண்டு, அண்ணை” என்றேன். அவரும் மருந்து வேண்டாம் என்றார். மாசியில் அவர் கண்ணை மூடிவிட்டார்.

இந்த வருடம் நானே கிழங்கு நட்டேன். நேற்றுப் பின்னேரம் குனிந்து பேசினில் விழுந்ததை எண்ணிவிட்டு, “ஏழு, அண்ணை” என்று உரக்கவே சொல்லிவிட்டேன். பக்கத்துத் துண்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் பேசினின் தண்ணீரை மாற்றி வைத்தேன்.