பன்னிரண்டு பேர் பட்டியல்

சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகத்தில் டைரக்டர்கள் வருவார்கள், போவார்கள்; லிஃப்ட்காரர் மட்டும் அப்படியே இருப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் ஏழு பேரை ஆறாவது மாடிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அதில் ஆறு பேரைப் பெட்டி படுக்கையோடு கீழேயும் இறக்கிவிட்டிருக்கிறார். பெரிய அதிகாரிகளைத் தினமும் ஏற்றி இறக்குகிற மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் வருவது இயற்கைதான். இவருடைய தலைக்கனம் ஒரே ஒரு விஷயத்தில்தான்: தரையிலிருந்து ஆறாவது மாடி போய்ச் சேருவதற்குள் யாரையும் எடை போட்டுவிடலாம் என்று உறுதியாக நம்பினார்.

இந்தத் திறமைக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்துக்காரர்கள்தான் அவர்கள். சங்கத்தின் தலைவி ஒரு மருந்துக்கடைக்காரர். எல்லோருக்கும் மருந்துக்கடை அக்கா. டைரக்டர் மாறும்போதெல்லாம் அந்த அக்கா லிஃப்ட்காரரைத்தான் முதலில் கேட்பார். இவரும் சங்கத்து ஆள்தான். வீட்டில் பத்தொன்பது வயதில் ஒரு பெண் உண்டு. இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேச்சு கிடையாது. பிடிக்காத சத்தம் கேட்டால் கையைக் கடித்துக்கொண்டு தெருமுனை வரை கேட்கிற மாதிரி அலறுவாள்.

அலுவலகத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து, "உங்களுக்குப் பிள்ளைங்க?" என்று ஒரு கிளார்க் கேட்டபோது, இவர் ஏதோ ஒரு நினைப்பில், "இல்லைங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பாப்பாவை மூன்றாவது பள்ளிக்கூடமும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தது. சொன்ன பொய்யைத் திருத்த நல்ல நேரம் வரும் வரும் என்று பார்த்தார். வரவே இல்லை. பிறகு அதுவே பழகிவிட்டது.

சங்கத்துக்காரர்கள் டைரக்டர்களைப் பார்த்த கதையை எழுதினால் ஒரு புத்தகம் தேறும். முதலாமவர், "வளர்ந்தா எல்லாம் சரியாயிடும், போங்க" என்றார். இரண்டாமவர் அம்மாக்களைப் பார்த்து, "நீங்க பிள்ளைங்ககூடப் பேசறதில்லை, அதான்" என்று பழியைத் தூக்கி அவர்கள் தலையிலேயே போட்டார். மூன்றாமவருக்குச் சொந்த அக்கா பையனே இப்படி. அவர் வந்து மூன்றே மாதத்தில் அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பயிற்சி மையம் ஒன்றுக்கு இரண்டு அறையை ஒழித்துக் கொடுத்தார். தரையெல்லாம் மெத்தை, கூரையில் ஒரு ஊஞ்சல், வெளிச்சம் தாங்காத பிள்ளைகளுக்குத் திரை போட்ட ஒரு மூலை. வாரத்தில் மூன்று நாள் பயிற்சி. புதன்கிழமை அம்மாக்கள் மட்டும் உட்கார்ந்து மனம் விட்டுப் பேச ஒரு மனநல ஆலோசகர்.

நான்காமவர் பெயர்ப்பலகையை மாற்றினார். ஐந்தாமவர் புதன்கிழமையை வெட்டினார். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க அரசாங்கம் ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கேட்டாராம். லிஃப்ட்காரரின் மனைவி புதன்கிழமைகளில் மட்டும் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டிருந்தவள். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அந்தக் கணக்கு எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. ஆறாமவர் வந்தார், இருந்தார், போனார்.

ஏழாவதாக வந்தவர் ஒரு பெண். டாக்டருக்குப் படித்தவர். முதல் நாளே லிஃப்ட்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அந்த அம்மா பொத்தானைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். கையில் இருந்த கோப்பில் மேல் தாளை மட்டும் படித்தார், புரட்டவில்லை. மூன்றாவது மாடியில் ஒரு பெண் அழுகிற கைக்குழந்தையோடு ஏறியபோது முகத்தைச் சுளித்தார்.

போதாதா? சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போய்விட்டார்.

"இந்தம்மா சுத்தம் பார்ப்பாங்கக்கா. சத்தம் ஆகாது. ஒரு பக்கத்துக்கு மேல படிக்க மாட்டாங்க. நம்ம எப்பவும் போல அழுதுக்கிட்டு நிக்கக் கூடாது. நல்லா இருக்கற பிள்ளைங்களை மட்டும் காட்டணும்."

"நல்லா இருக்கறதுன்னா?"

"கை குடுக்கற பிள்ளைங்க. உட்கார்ந்த இடத்துல உட்கார்ற பிள்ளைங்க."

அக்கா மாத்திரைப் பட்டையைக் கத்தரித்தபடி யோசித்தார். "அப்படிப் பார்த்தா முப்பத்தொண்ணுல பன்னிரண்டுதான் தேறும்."

"பன்னிரண்டு போதும். ஒரே பக்கத்துல அடங்கும்."

டைரக்டரம்மா மையத்தைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகளின் பட்டியல் வேண்டுமென்று உதவியாளர் கேட்டிருந்தார். சங்கத்தில் லிஃப்ட்காரர் கையெழுத்துதான் அச்சுப் போல இருக்கும். சமையலறை மேடையில் தாளை வைத்து, கோணாமல் கோடு போட்டு, பன்னிரண்டு பெயரை எழுதினார். பாப்பா பக்கத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தாள். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம பாப்பா பேரு?"

"இது சும்மா காட்டறதுக்குத்தான்."

அவள் மேற்கொண்டு பேசவில்லை. அவள் பேசியிருக்கலாம் என்று பிற்பாடு இவர் மனதுக்குள் பழியை அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்ததும் உண்டு. நகரவில்லை.

பார்வையிடல் அமோகமாக நடந்தது. பன்னிரண்டு பிள்ளைகளும் இஸ்திரி போட்ட உடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் நூறு வரை எண்ணினான். ஒரு பெண் டைரக்டரம்மாவுக்குக் கை கொடுத்தாள். பயிற்சி தரும் டீச்சரம்மா மட்டும் இதெல்லாம் நல்லதுக்கில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். லிஃப்ட்காரருக்கு அன்று வேலை நாள். திரும்பி வந்த டைரக்டரம்மாவை மேலே கொண்டுபோனவர், அவர் சிரித்த முகத்தைப் பார்த்துக் குளிர்ந்து போனார்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. பாராட்டோடுதான் வந்தது. பட்டியலில் கண்ட பன்னிரண்டு பிள்ளைகளும் திருப்திகரமான நிலையை எட்டிவிட்டதால், மையம் தன் நோக்கத்தை நிறைவேற்றிவிட்டதாகவும், மாத இறுதியோடு மூடப்படுவதாகவும், அந்த அறைகள் பழைய பதிவேடுகள் வைக்கப் பயன்படும் என்றும் அதில் இருந்தது. பெற்றோர் சங்கத்துக்கு நன்றி வேறு.

மருந்துக்கடை அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அஞ்சு டைரக்டர்கிட்ட நம்ம பிள்ளைங்களுக்கு உதவி வேணும்னு அழுதோம், காதுல வாங்கலை. ஒருத்தர்கிட்ட நல்லா இருக்காங்கன்னு காட்டினோம், உடனே நம்பிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். பதினொரு வருஷமாகப் பாப்பா போய்வரும் ஒரே இடம் அந்த மையம்தான். திங்கள், செவ்வாய், வெள்ளி காலையில் செருப்பை அவளாகவே எடுத்து வைப்பாள். அவள் தானாகச் செய்கிற மூன்றோ நான்கோ காரியங்களில் அது ஒன்று.

மறுநாள் லிஃப்டில் டைரக்டரம்மாவும் இவரும் மட்டும் இருந்தார்கள். அதிகாரி பேசாமல் லிஃப்ட்காரர் பேசக்கூடாது என்பது இவர் இருபத்திரண்டு வருஷம் கட்டிக் காத்த ஒழுங்கு. நான்காவது மாடி தாண்டியதும் அதை உடைத்தார்.

"அம்மா, அந்த மையத்து விஷயமா ஒருத்தரை உங்ககிட்டக் கூட்டிட்டு வரணும்."

டைரக்டரம்மா, லிஃப்டே பேசிவிட்ட மாதிரித் திரும்பிப் பார்த்தார். "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க" என்றார்.

வியாழக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கே பாப்பாவோடும் மனைவியோடும் வந்து சேர்ந்தார். ஒன்று மறந்துபோயிருந்தது, மறந்தார் என்பதைவிட நினைக்கத் துணியவில்லை என்று சொல்லலாம். கதவு மூடுகிற எந்தப் பெட்டிக்குள்ளும் பாப்பா கால் வைக்க மாட்டாள். தகப்பன் சோறு சம்பாதிக்கிற லிஃப்டில் மகள் ஒரு நாளும் ஏறியதில்லை. படிதான் வழி. படிக் கைப்பிடியில் இருக்கிற ஒவ்வொரு கம்பியையும் தொட்டுக்கொண்டுதான் அவள் ஏறுவாள். ஒன்று விட்டுப்போனால் திரும்ப இறங்கி அதைத் தொட்டுவிட்டு வருவாள். ஆறு மாடிக்கு ஐம்பது நிமிஷம் ஆனது. இரண்டாவது மாடியில் எங்கோ டெலிபோன் அடிக்க, கையைக் கடித்துக்கொண்டு அலறினாள். கதவுகள் திறந்தன. அந்தப் பழைய கிளார்க், இப்போது சூப்பரின்டெண்டு, வெளியே வந்து பார்த்தார்.

"யாருங்க இது?"

"என் பொண்ணு."

"உங்களுக்குத்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

டைரக்டரம்மாவின் அறைக்குள் பாப்பா நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி நடந்தாள். மறுபடி ஒரு அலறல். லிஃப்ட்காரர் கண் அந்த அம்மாவின் முகத்திலேயே இருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. மேஜை மேல் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார், டெலிபோன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார். அவ்வளவுதான். ஆறு மாடிக்குள் ஒரு ஆளை எடை போட்டுவிடலாம் என்ற நம்பிக்கை அந்த இடத்திலேயே போயிற்று.

"எத்தனை வருஷமா மையத்துக்கு வர்றா?"

"பதினொரு வருஷம்மா."

"என்ன முன்னேற்றம்?"

மனைவிதான் பதில் சொன்னாள். "அப்ப சுவத்துல தலையை முட்டிக்குவா, ரத்தம் வர்ற வரைக்கும். இப்ப கையைத்தான் கடிச்சுக்கறா. எங்களுக்கு இது பெரிய முன்னேற்றம்மா."

டைரக்டரம்மா கோப்பை எடுத்து, அந்த ஒற்றைத் தாளில் விரலை வைத்துக் கீழ்வரை ஓட்டினார். "பேரு சொல்லுங்க."

சொன்னார்.

"இதுல இல்லையே. எந்த மடையன் எழுதின பட்டியல் இது? நான் இதை நம்பித்தான் மையத்தை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள். அதுதான் இவரை அதிகம் குத்தியது.

"நான்தாம்மா எழுதினேன். இன்னும் பத்தொன்பது பிள்ளைங்க இருக்காங்க. இவளையும் நான்தான் விட்டேன். பார்த்தா நீங்க அருவருப்பு படுவீங்கன்னு நினைச்சேன்."

"நான் படுவேன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க."

"இல்லம்மா" என்றார். பிறகு, "எனக்கே அந்த அருவருப்பு இருந்திருக்குங்க" என்றார்.

டைரக்டரம்மா திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. பழைய தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனாவையும் இவர் பக்கம் தள்ளினார்.

"உத்தரவை நிறுத்தி வைக்கிறேன். இந்த நாற்காலியில நான் எத்தனை நாள்னு எனக்கே தெரியாது. எனக்கு அப்புறம் வர்றவங்க உங்களையும் பார்க்கப் போறதில்லை, உங்க பொண்ணையும் பார்க்கப் போறதில்லை. இந்தத் தாளைத்தான் பார்ப்பாங்க. ஒருத்தரையும் விடாம எழுதுங்க."

லிஃப்ட்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கோடு போடவில்லை. முதல் வரியில் மகளின் முழுப் பெயரை எழுதினார். எழுத்து அச்சுப் போலவே விழுந்தது. பக்கத்தில் தகப்பன் பெயர் என்று போட்டுத் தன் பெயரை எழுத ஆரம்பித்தபோதுதான் அழுகை வந்தது.